பாகுமே ஆறு

பன்னிரண்டு மாதத்துக்கும் முப்பது முப்பது நாள்.
மிச்சம் விழும் ஐந்தை
ஒரு குட்டி மாதமாக்கி ஆண்டின் வாலில் கட்டியிருக்கிறோம்:
பாகுமே.
அதற்குச் சம்பளம் கிடையாது.
வாடகையும் கிடையாது என்பதால்
யாரும் வாய் திறப்பதில்லை.

அடிஸ் அபாபாவில், மெக்குரியாவின் அச்சகத்தில்,
சிவப்பு மை என் பொறுப்பு.
எந்த நாள் சிவக்கும், எது கறுத்தே கிடக்கும் என்று
பட்டியல் வரும். கட்டம் நிரப்புவேன்.
மெஸ்கெரெம் ஒன்று, புத்தாண்டு.
பதினேழு, சிலுவைத் திருநாள்.
மெஸ்கெரெம் இரண்டு, நான் பள்ளிக்குப் போன காலத்தில் சிவப்பு;
அணிவகுப்பில் நின்று நின்று கால் கடுத்த சிவப்பு.
ஆட்சி போனது, மை உலர்ந்தது.
இப்போது அது சும்மா ஒரு இரண்டாம் தேதி.

நோன்புப் பெருநாள் வரும்போது மட்டும்
ஸெய்னு மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்வான்:
"கொஞ்சம் வெளிறிய சிவப்பாப் போடு, வொய்ன்ஷெத்.
பிறை இன்னும் கையெழுத்துப் போடலே."

அது மாற்குவின் வருடம்.
நான்கு சுவிசேஷகர்கள் முறைவைத்து ஆள்கிறார்கள் எங்கள் ஆண்டுகளை;
லூக்காவின் முறைக்கு மட்டும்
பாகுமேயில் ஆறாவதாக ஒரு நாள்.
எனக்கு அப்போது பல்வலி.
பழைய தகடா, பாதித் தூக்கமா,
லூக்காவுடையதை எடுத்து மாற்குவுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாலாயிரம் பிரதி.
மெக்குரியா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
விரல்நகம் அளவு வெள்ளைத்தாள் வெட்டி
நாலாயிரம் முறை ஒட்ட உட்கார்ந்தோம்,
கோந்து நாற்றத்தில், தகரத்தை மழை அறைய,
சம்பளமில்லாத அதே ஐந்து நாளில்.
எண்ணிப் பார்த்தால் நாற்பது குறைந்தது.
டெப்ரே பெர்ஹானுக்கு முதல் கட்டு
முந்தின வாரமே போயிருந்தது.
நாளைக் கடத்துவது என்பார்களே,
ஒரு பேருந்து நிஜமாகவே கடத்திவிட்டது.

அப்புறம் ஒரு வருடம் போயிற்று.
சிலுவைத் திருநாள் நெருப்பு எந்தப் பக்கம் சாயும் என்று
கூட்டத்தோடு நின்று பார்த்தேன்.
பல்லைப் பிடுங்கினேன்.
ஐம்பத்தைந்து நாள் விரதத்தில் முட்டையை நினைத்துக்கொண்டே
முட்டை விலை கேட்டேன்.
ஒவ்வொரு சிவப்பு நாளிலும்
அந்தக் கறுப்பு ஆறு
செருப்புக்குள் கல்லாக உறுத்தியது.

புத்தாண்டு விடியலில்
மஞ்சள் பூங்கொத்தோடு சிறுமிகள் வாசல் வாசலாய்ப் பாடுமுன்
வண்டி ஏறினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பிழை திருத்துகிறவள்
தன் பிழையைப் போய்ப் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பாள்?

டெப்ரே பெர்ஹானில் குளிர் காதைக் கடித்தது.
மூன்றாவது கடையில்,
புகை படிந்த சுவரில், தொங்கியது.
தரையெல்லாம் புத்தாண்டுப் பசும்புல்.
காபிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது.
நாட்காட்டிக்குக் கீழே நின்று
கடைக்காரி அஸ்காலே
கடன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒன்றாம் தேதி தர்றேன்னேன். இல்லேங்கலே.
இன்னிக்கு ஒன்றா? நீங்களே பாருங்க.
அடிஸ்ல அச்சடிச்சது.
அவங்களுக்குத் தெரியாததா?"

அவர் கண்ணாடி மாட்டினார்.
கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.
வெளியே தெரு முழுக்கப் புத்தாண்டுப் பாட்டு.
உள்ளே தேதி ஆறு.
வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது அவருக்கு,
பாதியில் இருமலாகி, மறுபடி சிரிப்பாகி.
உட்கார்ந்தார். மூன்று சுற்றுக் காபியும் குடித்தார்.
"சரி, நாளைக்கு" என்று எழுந்தார்.

நான் யாரென்று சொல்லவில்லை.
காசை நீட்டினேன்.
அஸ்காலே என் விரலைப் பார்த்தாள்,
நகக்கண்ணில் போகாத சிவப்பை.
"கணக்கில் வராத நாள்" என்றாள், "வை உள்ளே."

ஸெய்னுவிடம் மட்டும் எல்லாம் சொன்னேன்.
கேட்டு முடித்து
மெஷினுக்கு எண்ணெய் விட்டபடி கேட்டான்:
"அந்த நாளுக்கு என்ன நிறம் போட்டிருந்தே?"
"கறுப்பு."
"சே" என்றான்.